கல்லறைக்குக் காவல், வீட்டுக்குக் கடப்பாரை

நம் நாட்டில் ஒரு பழைய கட்டடத்துக்குச் சர்க்காரின் பாதுகாப்புக் கிடைக்க வேண்டுமானால், முதலில் அதில் இருந்தவர்கள் எல்லோரும் செத்துப்போக வேண்டும். ஒரே ஒருவர் உயிரோடு குடியிருந்தாலும் காரியம் கெட்டுவிடும். இதை விளையாட்டுப் பேச்சு என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. இதற்குச் சாட்சி சொல்லச் சென்னைக்கு வடக்கே, கடலுக்கும் ஏரிக்கும் இடையில், மீன்பிடித்துப் பிழைக்கும் ஓர் ஊர் இருக்கிறது. பழவேற்காடு என்று பெயர்.

பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர்கள் வந்தது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். சந்திரகிரியிலிருந்து ஆண்ட விஜயநகர மன்னன் இரண்டாம் வேங்கடனிடம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார்கள். 1613-ல் கோட்டை எழுந்தது. ஜெல்ட்ரியா என்று அதற்குத் தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். 1690-ல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றும்வரை, சோழமண்டலக் கரை முழுவதிலும் நடந்த டச்சு வியாபாரத்துக்குப் பழவேற்காடுதான் தலைநகரம். இங்கே துணி வாங்கினார்கள், வெடிமருந்து செய்தார்கள், பஞ்ச காலங்களில் மனிதர்களையும் வாங்கி, அடிமைகளாகக் கப்பலேற்றி, ஜாவாவிலிருந்த பத்தேவியாவுக்கு அனுப்பினார்கள். பிறகு ஆங்கிலேயருக்கும் அவர்களுக்கும் பலமுறை கைமாறி, 1825-ல் ஊர் ஒரேயடியாக ஆங்கிலேயர் வசமாயிற்று.

இன்று அந்த ஊரில் டச்சுக்காரர்களுடையது என்று முழுசாக மிஞ்சியிருப்பது என்ன? கோட்டை இருந்த இடத்தில் புதர் மண்டிக்கிடக்கிறது. மிஞ்சியிருப்பது அவர்களுடைய கல்லறைத் தோட்டம். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள் வருகிறவர்களை வரவேற்கின்றன. உள்ளே, பூவேலையும் குலச்சின்னமும் டச்சு எழுத்தும் பொறித்த பெரிய பெரிய கற்பலகைகள். மத்திய சர்க்காரின் தொல்லியல் துறை அதற்குச் சுற்றுச்சுவரும் பூட்டும் நீலப் பலகையும் போட்டுக் காத்து வருகிறது. தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னம் என்று அதற்குப் பெயர்.

நல்ல காரியம். அந்தக் கற்களைப் பிடுங்கிப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடிமை வியாபாரியின் சமாதியானாலும் அது சரித்திரம். சரித்திரத்தில் நமக்குப் பிடித்த பக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. என் சண்டை வேறு. அந்தத் தோட்டத்துக்கு வெளியே, அதே நூற்றாண்டுகளின் காற்றையும் உப்பையும் குடித்துக்கொண்டு, மரக்கலம் ஓட்டியவர்களும் துணி நெய்தவர்களும் மீன் பிடித்தவர்களும் குடியிருந்தார்களே, அவர்களுடைய வீடுகள் எங்கே? குப்பத்தில் இருந்தவை பனையோலை வீடுகள். அவை ஒரு புயலுக்குக்கூடத் தாங்கவில்லை. ஏழையின் வீடு இடிபாடுகூட மிச்சம் வைக்காமல் போய்விடுகிறது. சரி, அது போகட்டும். திண்ணையும் ஓட்டுக் கூரையுமாக நின்ற வீடுகள்? அவை ஒவ்வொன்றாக விழுகின்றன. யாரும் சுற்றுச்சுவர் கட்டவில்லை, பலகை வைக்கவில்லை.

பலகை வைக்காதது மட்டுமல்ல. 2010-ல் பழஞ்சின்னங்கள் சட்டத்துக்கு ஒரு திருத்தம் வந்தது. அதன்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதிதாக எதுவும் கட்டக் கூடாது. இருக்கிற வீட்டைப் பழுதுபார்ப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும். அதற்கப்பால் இன்னும் 200 மீட்டருக்கு, கட்டுவதானால் அனுமதியோடுதான். கோபுரத்தை மறைத்துக்கொண்டு மாடிக் கட்டடம் எழும்பக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் செய்த விதிதான். ஆனால் கல்லறைக்குப் பக்கத்தில் பரம்பரையாகக் குடியிருக்கிறவனுக்கு அதன் அர்த்தம் என்ன? செத்துப்போன வெள்ளைக்காரனுக்கு இடைஞ்சல் வராமல் இருக்க உயிரோடு இருக்கிறவன் தன் வீட்டுச் சுவரைத் தொடுவதற்கு மனுப் போட வேண்டும். அவன் வீடே நூறு வருஷம் பழையதாக இருந்தாலும் அதற்கு மரியாதை இல்லை. மனுப் போடும் கடமை மட்டும் உண்டு.

சட்டத்தில் வீட்டுக்கு இடமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். கட்டடம், புதைகுழி, குகை, பாறைச் சிற்பம், கல்வெட்டு, இவற்றில் எதுவானாலும் சரி, நூறு வருஷத்துக்குக் குறையாமல் இருந்து, சரித்திர மதிப்போ கலை மதிப்போ உடையதானால் அது பழஞ்சின்னம்தான். கட்டடம் என்ற சொல்லில் வீடும் அடங்கும். தடுப்பது சட்டமல்ல, நம் மனசு. நாம் 'சின்னம்' என்று சொன்னால் அதில் ராஜாவோ சாமியோ பிணமோ இருக்க வேண்டும் என்று பழகிவிட்டோம்.

இதே கரையில் தெற்கே வாருங்கள். கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் சதுரங்கப்பட்டினம். அங்கேயும் டச்சுக் கோட்டை, கோட்டைக்குள் கல்லறை, பாதுகாப்பு உண்டு. மதுரைக்கு வாருங்கள். திருமலை நாயக்கர் மகால் ஒரு வீடுதான். ராஜா இருந்த வீடு. ராஜா போய்விட்டார், சாயங்காலம் ஒலியும் ஒளியும் காட்டுகிறார்கள். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடும் விருதுநகரில் காமராஜர் வாழ்ந்த வீடும் பத்திரமாக இருக்கின்றன. இருக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வீடுகள் பிழைத்தது அங்கே பிறந்தவர்கள் பெரிய மனிதர்கள் ஆனதால். அந்தத் தெருக்களிலேயே அதே கொத்தனார் கட்டிய அதே மாதிரி வீடுகள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றில் மகான் யாரும் பிறக்கவில்லை. ஆகவே கடப்பாரை விழுந்தது. ராஜஸ்தானத்து ஜெய்சல்மேர் கோட்டைக்குள் இன்றும் ஜனங்கள் குடித்தனம் நடத்துகிறார்கள் என்று ஒருவர் எனக்குப் பதில் சொல்லக்கூடும். உண்மை. ஆனால் அங்கேயும் பாதுகாப்புக்குக் காரணம் கோட்டைதான், குடித்தனம் அல்ல.

வீட்டைக் காப்பாற்றுவது என்றால் அதை ஹோட்டலாக்குவதுதான் என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. செட்டிநாட்டில் இது நடக்கிறது. 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. சில வீடுகளில் பர்மாத் தேக்குத் தூணுக்கு மெருகு போட்டு, ஆத்தங்குடிக் கல் பதித்த பட்டாசாலையில் மேஜை போட்டு, ராத்திரிக்கு இத்தனை ரூபாய் என்று வாடகைக்கு விடுகிறார்கள். இடிப்பதைவிட இது மேல்தான், மறுக்கவில்லை. ஆனால் எந்த வீட்டு விலாசத்தில் ஒரு ரேஷன் கார்டும் இல்லையோ, அதை வீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு ராத்திரி தங்கிப்போகிறவன் ஓட்டைப் பார்ப்பான். ஓடு மாற்றும் கவலை அவனுக்கு இல்லை. தவிர, ஹோட்டல் ஆவதற்கு ஒரு வீடு அரண்மனை மாதிரி இருக்க வேண்டும். நாலு தூண் திண்ணையும் ஒரு முற்றமும் உள்ள சாதாரண வீட்டை எந்த முதலாளி வாங்குவான்?

சாதாரண வீட்டை என்ன செய்யலாம் என்பதற்கு, பழவேற்காட்டில் படுத்திருக்கிறார்களே, அவர்களுடைய சொந்த தேசத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமுக்கு வடகிழக்கே மார்க்கன் என்று ஒரு மீனவ கிராமம். பழைய நாளில் அது தீவு. நம் கரைக்கு வந்த அதே கம்பெனிக் கப்பல்கள் போய்வந்த ஜய்டர்ஸே என்ற உள்கடலில் இருந்தது. கடல் அடிக்கடி ஏறிவந்ததால் அந்த மீனவர்கள் மண்மேடு கட்டி அதன்மேல் மரவீடு கட்டினார்கள். மேட்டில் இடம் போதாமல் போனபோது, மரக்கால் நட்டு, அதன்மேல் வீட்டைத் தூக்கி நிறுத்தினார்கள். வெள்ளம் அடியில் புகுந்து போய்விடும். உள்ளே இடம் சிக்கனம்; சுவரோடு அலமாரி மாதிரிப் படுக்கை. கறுப்பும் பச்சையுமாகச் சாயம் பூசிய பலகைச் சுவர். எந்தப் பெரிய சிற்பியும் வந்து கட்டியதல்ல. வலை இழுத்தவனும் தச்சனும் கூடிக் கட்டியது.

1916 ஜனவரியில் பெருவெள்ளம் வந்து அந்தச் சிறு தீவில் 16 பேர் இறந்தார்கள். அதன்பின் அரசாங்கம் கடலையே அணை போட்டு அடைத்தது. 1932-ல் அணை முடிந்தது. உப்புக் கடல் நன்னீர் ஏரியாயிற்று. மார்க்கன்காரர்களின் மீன்பிடித் தொழில் படுத்தது. 1957-ல் தீவுக்கும் கரைக்கும் சாலை போட்டார்கள். தொழில் போய்விட்டது, வெள்ளமும் வராது. இனி அந்த மரவீடுகள் எதற்கு? நம்மவர்களாக இருந்தால் ஒரே வாரத்தில் பதில் சொல்லியிருப்போம். அவர்கள் இடிக்கவில்லை. தூணுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை அடைத்து அறையாக்கிக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாயும் மின்சாரமும் வைத்துக்கொண்டார்கள். குடியிருக்கிறார்கள்.

இதற்குக் காரணம் அவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள் என்பதல்ல; புத்திசாலித்தனத்தில் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. அங்கே வீட்டுக்காரனைத் தனியாக விட்டுவிடவில்லை, அதுதான் காரணம். 1918-லேயே ஹென்ட்ரிக் டி கெய்சர் என்ற பழைய சிற்பியின் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். பழைய வீடுகளை வாங்குவது, பழுதுபார்ப்பது, மறுபடி குடித்தனத்துக்கே வாடகைக்கு விடுவது. அதுதான் சங்கத்தின் வேலை. இன்று நானூறுக்கு மேற்பட்ட கட்டடங்கள் அதன் வசம் இருக்கின்றன. 1961-ல் நினைவுச் சின்னச் சட்டம் வந்தது. தனிக் கட்டடம் மட்டுமல்லாமல் ஒரு தெருவின், ஒரு கிராமத்தின் தோற்றத்தையே காப்பதற்கு அதில் வழி வைத்தார்கள். அந்த நாட்டின் தேசியப் பட்டியலில் அறுபதாயிரத்துக்கு மேல் கட்டடங்கள் உள்ளன. அவற்றில் பெரும் பங்கு கோட்டையும் கோயிலும் அல்ல, வீடுகள். பட்டியலில் சேர்த்துவிட்டு, 'இனி ஆணி அடிக்காதே' என்று மிரட்டிவிட்டுப் போய்விடவில்லை. 1985-ல் ஒரு நிதி ஏற்படுத்தி, பழைய வீட்டைப் பழுதுபார்க்கிறவனுக்குக் குறைந்த வட்டியில் கடன் கொடுக்கிறார்கள்.

மார்க்கன் சொர்க்கம் என்றும் நான் சொல்லவில்லை. உல்லாசப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வந்திறங்கி ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறார்கள். பொம்மை வீட்டில் குடியிருப்பது போன்ற சங்கடம் அங்குள்ளவர்களுக்கு உண்டு. ஆனால் அது உயிரோடு இருக்கிறவர்களுடைய சங்கடம். எலும்புக்கூட்டுக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது.

இனி எங்கள் ஊருக்கு வருகிறேன். கடலோரத்து மீனவ ஊருக்கும் மலையடிவாரத்து உத்தமபாளையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நோய் ஒன்றேதான், அதுதான் சம்பந்தம்.

கம்பம் பள்ளத்தாக்கின் பழைய வீடுகளில் பலவற்றுக்குப் பிறந்த தேதியே சொல்லலாம். 1895 அக்டோபரில் பெரியாறு அணை திறந்தது. மேற்கே ஓடிக் கடலில் விழுந்த தண்ணீர், மலையைக் குடைந்த வழியே கிழக்கே வந்தது. ஒருபோகம் இருபோகமாயிற்று. மலைமேல் ஏலத்தோட்டம், தேயிலைத் தோட்டம். கையில் காசு வந்ததும் மனிதன் முதலில் செய்வது வீடு கட்டுவது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வரிசையாகக் காரை வீடுகள் எழுந்தன. மலையிலிருந்து தேக்கும் தோதகத்தியும் வேங்கையும் வண்டியில் இறங்கின. கீழே செங்கல் சூளை, ஆற்று மணல். சுண்ணாம்பை மணலோடு சேர்த்துச் செக்கிலிட்டு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரை விட்டுப் பதப்படுத்தினார்கள். மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் 1865-ல் தொடங்கிய ஓட்டுத் தொழில், மேல்கரையிலிருந்து மலையைத் தாண்டி எங்கள் கூரைக்கும் வந்து சேர்ந்தது.

ஆளுயரக் கல் மேடை அல்ல; இடுப்பளவுத் திண்ணை. மரத்தூண். வேலைப்பாடான நிலை. நடை. அதைத் தாண்டினால் முற்றம், சுற்றித் தாழ்வாரம். பட்டாசாலை, அடுப்படி, நெல்லுக்குக் குலுக்கை, மேலே மச்சு, பின்னால் தொழுவம். ராவுத்தர்மார் வீடுகளில் பெண்கள் புழங்குவதற்கென்று தனிப் பின்வழி. கவுண்டர் வீடானாலும் ராவுத்தர் வீடானாலும் பிள்ளைமார் வீடானாலும் கட்டின கை ஒரே கை. ஆடி மாதம் கணவாய் வழியாகக் காற்றுச் சீறும்; சாரல் அடிக்கும். அந்தக் காற்றுக்கு ஏற்றபடி தாழ்ந்த இறவாணம். சித்திரை வெயிலில் சூடு முற்றத்தின் வழியாக மேலே போய்விடும். தாழ்வாரம் குளுகுளுவென்று இருக்கும். ஓடு உடைந்தால் அந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். கைமரம் செல்லரித்தால் அந்தக் கைமரத்தை மட்டும் மாற்றலாம். காங்கிரீட்டில் கம்பி துருப்பிடித்து மேற்பூச்சு பெயர ஆரம்பித்தால், வீட்டின் ஆயுளையே குறைத்துக் கணக்குப் போட வேண்டியதுதான்.

எங்கள் பக்கத்துக் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, சந்தோஷம். அணை கட்டிய பென்னிகுவிக்குக்கு 2013-ல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுந்தது, அதிலும் சந்தோஷம்தான். பிள்ளைகளுக்கு அவர் பெயரையே வைக்கிற ஊர்க்காரர்கள் நாங்கள். உத்தமபாளையத்துப் பாறையில் சமணத் தீர்த்தங்கரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களைக் காக்க வேண்டும் என்பதில் ஊரில் இரண்டு அபிப்பிராயம் இல்லை. ஆனால் அந்தத் தண்ணீரைக் குடித்து, அந்த மண்ணைச் சுட்டு, எங்கள் பாட்டன்மார் கட்டிய வீடுகளுக்கு என்ன குறியீடு? அவற்றின்மேல் நான் கண்ட ஒரே குறி, இடிக்க வருகிற மர வியாபாரி சாக்கட்டியால் தூணில் போட்டுவிட்டுப் போகிற நம்பர்தான்.

எனக்குத் தெரிந்த ஒருவர் தம் அப்பா காலத்து வீட்டைப் பழுதுபார்க்கக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனார். மதிப்பீடு செய்ய ஆள் வந்தார். மனைக்கு மதிப்புப் போட்டார். கட்டடத்துக்கு நேரே பூஜ்யம் எழுதினார்.

"என்னங்க, வீட்டுக்கு ஒண்ணுமே போடலையே?" என்று இவர் கேட்டார்.

"நூறு வருஷக் கட்டடம்ணே. ஆயுசு முடிஞ்சு போச்சு. இடிச்சுட்டுக் கட்டுறதா இருந்தா பிளான் கொண்டாங்க, பார்ப்போம்" என்றாராம் வந்தவர்.

அதற்கடுத்த மாதமே மர வியாபாரி வந்தார். காகிதத்தில் பூஜ்யமாக இருந்த அதே வீட்டின் கதவுக்கும் தூணுக்கும் உத்திரத்துக்கும் லட்சக்கணக்கில் விலை பேசினார். காரைக்குடிக் கடைத்தெருவில் போய்ப் பார்த்தால் இந்த மாதிரி நிலைகளும் தூண்களும் அடுக்கிக் கிடக்கும். வீடாக நிற்கும்போது பூஜ்யம். பிரித்துப் போட்டால் லட்சம். இந்தக் கணக்கை எழுதியவர்கள் யார்? உடைமைக்காரனா? அவனைப் போய் 'பாரம்பரியம் தெரியாத பயல்' என்று பட்டணத்திலிருந்து வருகிற அறிவாளிகள் திட்டுகிறார்களே, இது என்ன நியாயம்? நாலு அண்ணன் தம்பி, இரண்டு அக்கா தங்கை. பாகப்பிரிவினையில் ஆளுக்கு ஒரு பங்கு. முற்றத்தை ஆறாகக் கூறுபோட முடியுமா? பணமாக்கினால்தான் பங்கு. அவன் இடிப்பது ரசனை இல்லாததால் அல்ல, வேறு வழி இல்லாததால். வழியை அடைத்து வைத்துவிட்டு ரசனையைப் பற்றி உபதேசம் செய்வது அயோக்கியத்தனம்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அது கனமான ஆட்சேபம். "அந்தத் திண்ணையில் யார் யார் உட்காரலாம் என்று ஒரு சட்டம் இருந்ததே, மறந்துவிட்டீரா? எந்தச் சாதிக்காரன் எந்த வாசலோடு நிற்க வேண்டும் என்றிருந்ததே? வீட்டுக்குத் தூரமான பெண்ணைக் கொல்லைப்புறத்து மூலையில் ஒதுக்கினார்களே? அந்த வீடு ஒழிந்தால் நல்லதுதானே?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பழமைக்குக் கற்பூரம் காட்டுகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவுகிறார்கள். நான் நழுவப் போவதில்லை.

அந்தத் திண்ணையில் உட்கார முடியாதவன்தான் அந்தத் திண்ணையைக் கட்டினான். சூளையில் வெந்தவன், சுண்ணாம்பு அரைத்தவள், மலையிலிருந்து மரம் இழுத்தவன், எல்லோருடைய வேர்வையும் அந்தச் சுவரில் இருக்கிறது. பத்திரத்தில் அவர்கள் பெயர் இல்லை. சுவரையும் இடித்துவிட்டால் அவர்கள் இருந்ததற்கு ஒரு தடயமும் இல்லாமல் போகும். இடிக்க வேண்டியது அந்தச் சட்டத்தை. சுவர் என்ன செய்தது? சுவரை இடித்தால் சாதி போய்விடும் என்பது உண்மையானால் புதிய காலனிகளில் சாதி இருக்கக் கூடாது. பளபளவென்று டைல்ஸ் பதித்த வீட்டில் வாடகைக்கு இடம் கேட்டுப் போய்ப் பாருங்கள். "நீங்க யாருங்க, எந்தப் பக்கத்து ஆளுங்க?" என்று சுற்றி வளைத்துக் கேட்பது காதில் விழும். திண்ணையில்லாத வீட்டில் சாதி வெளியே நிற்கவில்லை. உள்ளே வந்து சோபாவில் உட்கார்ந்துவிட்டது. அடிமை வியாபாரியின் கல்லறையைச் சரித்திரம் என்று காக்கத் தெரிந்த நமக்கு, குற்றத்தைத் தள்ளிவிட்டுக் கட்டடத்தை வைத்துக்கொள்ளவும் தெரிய வேண்டும்.

வீடற்றவனுக்கு வீடு வேண்டாமா என்று யாரும் என் வாயை அடைக்க வேண்டாம். 2024-ல் தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் குடிசையில் இருக்கிறவர்களுக்கு வீட்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய் கொடுத்துக் காங்கிரீட் வீடு கட்டச் செய்கிறார்கள். ஓலைக் கூரை ஒழுகும் வீட்டில் ஒரு மழைக்காலம் கழித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அந்தத் திட்டத்துக்கு நான் விரோதி அல்ல. நான் கேட்பது வேறு: புதிதாகக் கட்டுவதற்குக் கைகொடுக்கிற சர்க்கார், நிற்பதை நிற்கவைப்பதற்கும் அதே கையை ஏன் நீட்டக் கூடாது?

நம்மால் முடியாத காரியமும் அல்ல. தரங்கம்பாடியும் மீனவர்கள் வாழும் ஊர்தான். 1620-லிருந்து 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே கோட்டையையும் கவர்னர் மாளிகையையும் மட்டும் மெருகு போட்டு நிறுத்திக்கொள்ளவில்லை. 2004-ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு, இன்டாக் என்ற அமைப்பு டென்மார்க்கிலிருந்து வந்த பணத்தைக் கொண்டு தட்டார் தெருவில் சாதாரணத் தமிழ்க் குடும்பங்களின் திண்ணை வீடுகள் சிலவற்றையும் பழுதுபார்த்தது. சுண்ணாம்புக் காரை அரைக்கத் தெரிந்த கைகள் இன்னும் இந்த நாட்டில் இருக்கின்றன என்பது அதில் தெரிந்தது. டென்மார்க்கின் பணம் வந்தது, ஏனென்றால் அந்த ஊரில் டென்மார்க்கின் சரித்திரம் இருந்தது. உத்தமபாளையத்துக்கு எந்தத் தேசம் பணம் அனுப்பும்? எங்களை ஆண்டு, எங்கள் ஊரில் கல்லறை கட்டிக்கொண்டு படுத்திருந்தால்தான் ஒருவனுக்கு எங்கள் வீட்டின்மேல் அக்கறை பிறக்குமா?

தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்று ஓர் ஆணையம் அமைக்க 2012-லேயே சட்டசபை சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் சென்னையிலுள்ள சிவப்புச் செங்கல் மாளிகைகளோடு நின்றுவிடக் கூடாது. தாலுகா ஊர்களுக்கும் வர வேண்டும். வரும்போது பூட்டையும் தடையையும் மட்டும் தூக்கிக்கொண்டு வரக் கூடாது. பட்டியலில் சேர்த்த வீட்டுக்கு வீட்டுவரி தள்ளுபடி. பழுதுபார்க்கக் குறைந்த வட்டிக் கடன். பாகப்பிரிவினையில் யாரும் வாங்க முடியாமல் போனால் நகராட்சியோ பேரூராட்சியோ வாங்கி நூல்நிலையத்துக்கோ பால்வாடிக்கோ குடித்தனத்துக்கோ விடும் உரிமை. காரை வேலை தெரிந்த கொத்தனாரிடம் பத்துப் பையன்கள் வேலை பழக ஒரு சம்பளம். கழிப்பறை கட்டவும் மின்சாரக் கம்பி இழுக்கவும் வீட்டுக்காரனுக்கு முழுச் சுதந்திரம் வேண்டும். தெருப்பக்கத்து முகமும் முற்றமும் நின்றால் போதும். அடுப்படியில் கிரைண்டர் இருப்பதால் சரித்திரம் செத்துவிடாது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன வேலை இருக்கிறது. அதற்குச் சட்டமும் வேண்டாம், டெல்லியும் வேண்டாம். உத்தமபாளையம் பேரூராட்சி ஆபீசில் வீட்டுவரிப் பதிவேடு இருக்கிறது. ஊரில் உள்ள ஒவ்வொரு வீடும் அதில் ஏற்கனவே இருக்கிறது: கதவு நம்பர், உடைமைக்காரர் பெயர், வரி. அதில் இன்னும் ஒரு கலம் போடுங்கள். வீடு கட்டிய வருஷம் என்று எழுதுங்கள். தெருத் தெருவாகப் போய்ப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பல வீட்டில் நிலைக்கு மேலேயே வருஷம் செதுக்கியிருக்கும். பள்ளிக்கூடப் பையன்களை விட்டால் ஒரு கோடை லீவில் முடிக்கிற காரியம். எத்தனை வீடு மிஞ்சியிருக்கிறது என்ற கணக்காவது கையில் இருக்கும். அடுத்தபடி கடன் கேட்க, வரி குறைக்கச் சொல்ல, சட்டசபையில் பேசச் சொல்ல, அந்தக் கணக்கைத்தான் காட்ட வேண்டும். மர வியாபாரி தன் கணக்கை எப்போதோ எடுத்து முடித்துவிட்டார்.